ஐநூத்தி ஒண்ணாவது யூனிட்டோட விலை 243 ரூபா

ஒவ்வொரு வருஷமும் பங்குனி பொறந்தா போதும், குடும்ப வாட்ஸப் குரூப்ல யாராவது ஒருத்தர் இந்தக் கேள்வியத் தூக்கிட்டு வந்துடுவாங்க, "ஏசி ஒரு மணி நேரம் ஓடினா எவ்ளோ ஆகும்?" உடனே ஒருத்தர் பத்து ரூபாம்பாரு, இன்னொருத்தர் அதெல்லாம் இல்ல இன்வெர்ட்டர் ஏசின்னா நாலு ரூபாதான்னுவாரு, ஆபீஸ்ல எலெக்ட்ரிக்கல் பாக்குற சித்தப்பா ஒருத்தர் வந்து ஒன்றரை டன்னு, ஒன்றரை கிலோவாட்டு, எட்டு ரூபாயால பெருக்குங்கன்னு முடிச்சு வச்சுடுவாரு. எல்லாரும் சொல்றது சரியாவும் இருக்கலாம், எல்லாரும் சொல்றது தப்பாவும் இருக்கலாம். தமிழ்நாட்டுல வீட்டு கரண்டுக்கு "யூனிட்டு இவ்ளோ"ன்னு ஒரே விலை கிடையாது. அதனால இந்தக் கேள்விக்கு பதில் சொல்லணும்னா திருப்பி ஒரு கேள்வி கேக்கணும், ஏசியே போடாம உங்க வீட்டுல ரெண்டு மாசத்துக்கு எவ்ளோ யூனிட் ஓடுதுன்னு. அது தெரியாதவங்களுக்கு யாராலயும் பதில் சொல்ல முடியாது.

ரேட்ட மொதல்ல பாத்துடுவோம், கொஞ்சம் பொறுமையா படிங்க, மீதிக் கதை பூராவும் இதுலதான் இருக்கு. ரெண்டு மாசத்துக்கு ஒரு பில். 2016 மே மாசம் வந்த உத்தரவுல இருந்து எல்லா வீட்டுக்கும் மொத 100 யூனிட் ஃப்ரீ. அதுக்கு மேல 500 யூனிட்டுக்குள்ள நிக்கிற வீடுன்னா 101ல இருந்து 200 வரைக்கும் 2.35, 201ல இருந்து 400 வரைக்கும் 4.70, 401ல இருந்து 500 வரைக்கும் 6.30. இதெல்லாம் 2024 ஜூலை ஏத்தத்துக்கு அப்புறம் நாம கையில இருந்து குடுக்குற காசு, 2025 ஜூலைல திரும்ப ஏத்தினப்போ வீடுகளுக்கான ஏத்தத்த அரசே ஏத்துக்கிட்டதால நமக்கு மாறல. சரி, 500 தாண்டினா? இங்கதான் விஷயமே. தாண்டின யூனிட்டுக்கு மட்டும் ஏறும்னுதான் பெரும்பாலும் நெனைக்கிறாங்க. அது இல்ல. 500 தாண்டிட்டா 101 டு 200க்கு இருந்த அந்த 2.35 சலுகை காணாமப் போயிடும், 101ல இருந்து 400 வரைக்கும் எல்லாமே 4.70 ஆயிடும், 401 டு 500க்கு அதே 6.30, அப்புறம் 501 டு 600க்கு 8.40, 601 டு 800க்கு 9.45, 801 டு 1000க்கு 10.50, ஆயிரத்துக்கு மேல 11.55.

கணக்கு போட்டுப் பாருங்க. சரியா 500 யூனிட் ஓடின வீட்டுக்கு 235 + 940 + 630, மொத்தம் 1805 ரூபா. 501 ஓடின வீட்டுக்கு 1410 + 630 + 8.40, அதாவது 2048.40. ஒரே ஒரு யூனிட்டு, 243 ரூபா நாப்பது காசு. ஒரு இஸ்திரிப் பொட்டிய மறந்து போய் ஆன்லயே வச்சிட்டுப் போனா அந்த ஒரு யூனிட் வந்துடும். இதுவே 2022 செப்டம்பருக்கு முன்னாடி இருந்த ரேட்டுல 500 யூனிட்டுக்கு ஃபிக்ஸட் சார்ஜோட சேத்து 1130, 501க்கு 1786, பள்ளம் இன்னும் ஆழம். இப்ப ஃபிக்ஸட் சார்ஜும் இல்ல, பள்ளமும் கொஞ்சம் மேடாயிருக்கு, ஆனா கால வச்சா இன்னமும் உள்ள போயிடும்.

நாங்க இருக்குறது திருச்சில, கீழ வீடு ஒண்ணு மாடி வீடு ஒண்ணு, ரெண்டுக்கும் தனித்தனி சர்வீஸ். கீழ ஒரு ரிட்டையர்டு கணக்கு டீச்சரும் அவங்க வீட்டுக்காரரும். போன கோடைக்கு முன்னாடி ரெண்டு வீட்டுக்கும் ஒரே கடைல, ஒரே மாடல், ஒன்றரை டன் அஞ்சு ஸ்டார் ஏசி வாங்கினோம், சேந்து வாங்கினா கொஞ்சம் கொறைப்பான்னு டீச்சர் போட்ட ஐடியா அது. கத்திரி முடிஞ்சு பில் வந்ததும் டீச்சர் மாடிப்படி ஏறி வந்துட்டாங்க, கையில மெசேஜ் வந்த போனோட.

"தம்பி, ஒரே ஏசி, நீங்களும் ராத்திரி பத்துல இருந்து ஆறு, நாங்களும் பத்துல இருந்து ஆறு. உங்களுக்கு ஆயிரத்து ஐநூத்தி சொச்சம், எனக்கு மூவாயிரத்து நானூத்தி சொச்சம். என் மெஷின்ல ஏதோ கோளாறு, கடைக்காரன வரச் சொல்லவா?"

மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. எங்க வீட்டுல ஏசி இல்லாம 180 யூனிட் ஓடும், ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, பகல் பூரா வீடு பூட்டித்தான் கெடக்கும். டீச்சர் வீட்டுல ஏசி இல்லாமலே 380, பகல் முழுக்க ஆள் இருக்கு, ஃபேன் ஓடுது, டிவி ஓடுது. ரெண்டு வீட்டு ஏசியும் அந்த ரெண்டு மாசத்துல இழுத்தது சுமாரா 280 யூனிட்டு. எங்க வீட்டுல 180, 460 ஆச்சு, பில் 188ல இருந்து 1553க்குப் போச்சு. ஏசியோட செலவு 1365 ரூபா, யூனிட்டுக்கு 4.90 கூட வரல. டீச்சர் வீட்டுல 380, 660 ஆச்சு, பில் 1081ல இருந்து 3447. அவங்க ஏசியோட செலவு 2366, யூனிட்டுக்கு 8.45. அதே மெஷின், அதே மணி நேரம், ஆயிரத்து ஒரு ரூபா வித்தியாசம்.

கணக்கு டீச்சர் இல்லையா, நான் சொன்னத அப்படியே நம்பல, தினசரி காலண்டர் தாளக் கிழிச்சு அதோட பின்பக்கத்துல பென்சிலால போட்டுப் பாத்துட்டு, "அப்ப என் ஏசி என்னோட ஃபேன் மேல ஏறி உக்காந்திருக்கு"ன்னாங்க. இதுக்கு மேல இத அழகா சொல்ல முடியாது. ஒரு சாமானோட கரண்டு செலவ தெரிஞ்சுக்க சராசரி ரேட்டால பெருக்குறது வேலைக்காகாது, அந்த சாமான் இருந்தா பில் எவ்ளோ, இல்லன்னா பில் எவ்ளோ, கழிச்சுப் பாக்கணும், அவ்ளோதான். நெட்ல இருக்குற பாதி கால்குலேட்டர் இந்தக் கழித்தல செய்யாது, வாட்ட போடு, மணிய போடு, ரேட்ட போடுன்னு மூணு கட்டம் குடுத்துட்டு ஒரு நம்பர துப்பும்.

சரி, யூனிட்ட எப்படி தெரிஞ்சுக்குறது? ஆயிரம் வாட்டு சாமான் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட்டு, இது எல்லாருக்கும் தெரியும். ஆனா சாமான் மேல ஒட்டியிருக்குற வாட்டு நெசமா அது எல்லா நேரமும் இழுக்குற வாட்டு கெடையாது. ஃப்ரிட்ஜ் கம்ப்ரெஸர் ஓடும் நிக்கும், இஸ்திரிப் பொட்டி சூடேறினதும் தானா கட் ஆகும், இன்வெர்ட்டர் ஏசி ரூம் குளுந்ததும் சத்தமில்லாம கொறஞ்சுக்கும். இதுக்கு பிளக்ல மாட்டுற மீட்டர் எல்லாம் விக்கிறாங்க, வாங்கலாம், ஆனா காசே இல்லாம ஒரு வழி உங்க மீட்டர் பொட்டிலயே இருக்கு.

மீட்டர்ல சின்னதா ஒரு செவப்பு லைட்டு மினுக் மினுக்னு அடிச்சிட்டே இருக்கும், பாத்திருப்பீங்க. அதுக்குப் பக்கத்துல பொடி எழுத்துல 3200 இம்ப்னு போட்டு கீழ கிலோவாட் ஹவர்னு இருக்கும், சில மீட்டர்ல 1600, சிலதுல 6400. 3200னா அந்த லைட்டு 3200 தடவ மினுக்கினா ஒரு யூனிட் ஆச்சுன்னு அர்த்தம். இப்ப போன்ல ஸ்டாப்வாட்ச் எடுங்க, பத்து மினுக்கல் ஆக எத்தன செகண்ட் ஆகுதுன்னு பாருங்க, 11250ஐ அந்த செகண்டால வகுங்க, அந்த நிமிஷம் வீடு மொத்தமும் எத்தன வாட் இழுக்குதுன்னு வந்துடும். பத்து மினுக்கலுக்கு முப்பது செகண்ட்னா 375 வாட்டு. 1600 மீட்டர்னா 22500ஐ வகுக்கணும். மொத மினுக்கல எண்ணக்கூடாது, அத ஜீரோன்னு வச்சு ஸ்டாப்வாட்ச அமுக்கிட்டு அடுத்ததுல இருந்து ஒண்ணு ரெண்டுன்னு எண்ணணும், இல்லன்னா ஒம்பது இடைவெளிய பத்துன்னு வச்சுக்குவோம்.

நானும் டீச்சர் வீட்டுக்காரரும் ஒரு ஞாயித்துக்கெழம ராத்திரி மாடிப்படிக்குக் கீழ ஸ்டூல் போட்டு உக்காந்து இதச் செஞ்சோம், அவரு உள்ள போய் ஒவ்வொரு சுவிட்சா போட்டுட்டு "போட்டாச்சு"ன்னு கத்துவாரு, நான் எண்ணுவேன், தெருவுல போறவங்க என்னமோ மீட்டர்ல கோல்மால் பண்றாங்கன்னு நெனச்சிருப்பாங்க. ஏசி போட்ட ஒடனே லைட்டு படபடன்னு அடிச்சுது, ஒரு செகண்ட்ல ஒண்ணுக்கு மேல, அதாவது ஆயிரத்து ஐநூறு வாட்டுக்கிட்ட. முக்கா மணி நேரம் கழிச்சுப் பாத்தா ரெண்டு செகண்டுக்கு ஒண்ணு, ஐநூத்தி சொச்சம் வாட்டு. சித்தப்பா சொன்ன ஒன்றரை கிலோவாட் கணக்கு அந்த மொத முக்கா மணி நேரத்துக்கு மட்டும்தான் செல்லும்.

அதவிட சுவாரசியமா ஒண்ணு வந்துச்சு. எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க, ஃப்ரிட்ஜ் பிளக்கையும் புடுங்குங்கன்னேன். லைட்டு நிக்கல. இருபத்தஞ்சு செகண்டுக்கு ஒரு தடவ நிதானமா ஒரு மினுக்கு. 45 வாட்டு. வீடே இருட்டு, ஒண்ணும் ஓடல, ஆனா 45 வாட்டு போயிட்டே இருக்கு. தேடினா வைஃபை ரௌட்டர், அமுக்காம விட்ட செட்டாப் பாக்ஸு, பாட்டரி ஃபுல் ஆனதுக்கப்புறமும் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிட்டு இருக்குற பழைய யூபிஎஸ்ஸு. 45 வாட்டுன்னா சின்னதாத் தெரியும், 24 மணி நேரம் 60 நாளு பெருக்கினா கிட்டத்தட்ட 65 யூனிட்டு. டீச்சர் வீடு 660ல நிக்குது, மேல இருந்து 65 யூனிட்ட எடுத்தா 609 ரூபா. யாரும் தொடாத சாமானுக்கு.

அதே சமயம் சும்மா பழி சுமக்குற சாமானும் நெறைய இருக்கு. எங்க மாமியாருக்கு கிரைண்டர் போட்டா பில் எகிறிடும்னு பயம், அதனால மாவுக்கடைல பாக்கெட் மாவு வாங்குவாங்க. டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட்டு, ஒரு ஈடு அரைக்க முக்கா மணி நேரம்னாலும் 0.11 யூனிட்டு. வாரத்துக்கு ரெண்டு தடவ அரைச்சா ரெண்டு மாசத்துக்கு ரெண்டு யூனிட்டுகூட வராது. மிக்ஸி சத்தம்தான் பெருசு, அஞ்சு நிமிஷம் ஓடுற சாமான் என்னத்த இழுத்துடப் போகுது. ஒரு ஹெச்பி மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டு ஒட்டி இழுக்கும், தெனம் அரை மணி நேரம் போட்டா ரெண்டு மாசத்துக்கு 30. டேங்க் நெறஞ்சு ரோட்டுல ஓடுறவரைக்கும் விடுற வீட்டுல இது சுலபமா 50 ஆகும். கீசர்ல 15 லிட்டர் தண்ணிய முப்பது டிகிரி ஏத்த அரை யூனிட்டு போதும், அது ரெண்டாயிரம் வாட்டு மெஷினா மூவாயிரமாங்கறது எவ்ளோ சீக்கிரம் சூடாகும்ங்கறத மட்டும்தான் சொல்லுது. ஃப்ரிட்ஜுக்கு ஸ்டார் ஸ்டிக்கர்லயே வருஷத்துக்கு எத்தன யூனிட்டுன்னு போட்டிருக்கு, ஆறால வகுத்தா நம்ம பில் கணக்கு. 240ன்னு போட்டிருந்தா 40. கதவு ரப்பர் தொங்கிப்போன ஃப்ரிட்ஜுக்கு ஸ்டிக்கர நம்பாதீங்க, அதுக்கு செவப்பு லைட்டுதான்.

ஏசி ஸ்டிக்கர்லயும் ஒரு நம்பர் இருக்கு, ஆனா அது வருஷம் பூரா ஓடினா வர்ற நம்பர்னு நெனச்சிடாதீங்க, 1600 மணி நேரத்துக்குன்னு போட்ட கணக்கு அது. 800 யூனிட்டுன்னு போட்டிருந்தா 1600ஆல வகுத்து மணிக்கு அரை யூனிட்டு. ராத்திரி எட்டு மணி நேரம், ரெண்டு மாசத்துக்கு 480 மணி நேரம், 240 யூனிட்டு. எங்களுக்கு 280 வந்துச்சு, திருச்சி மே மாச ராத்திரில மொட்ட மாடிக்குக் கீழ இருக்குற ரூமுக்கு அது நியாயம்தான். டெம்பரேச்சர் ஒரு டிகிரி ஏத்தினா சுமாரா ஆறு சதவீதம் மிச்சம்னு பீஈஈ, அதாவது இந்த ஸ்டார் ஸ்டிக்கர் குடுக்குற மத்திய அரசு அமைப்பு, சொல்லுது, 2020ல இருந்து வர்ற ஏசி எல்லாம் ஆன் பண்ணினா 24ல நிக்கணும்னு விதி வச்சதும் அதுக்காகத்தான். நாம ஆன் பண்ணின ஒடனே அத 18க்கு எறக்குறோம், 18 வச்சா சீக்கிரம் குளுரும்னு, அது வேற கத.

இப்ப ஃபேன். தமிழ்நாட்டு வீட்டுல உண்மையான திருடன் ஃபேனுதான், யாரும் சந்தேகப்படாததால தப்பிச்சுக்கிட்டே இருக்கான். சாதா சீலிங் ஃபேன் 75 வாட்டு, ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 90 யூனிட்டு, ஒரு ஃபேனுக்கு. பிஎல்டிசின்னு கரண்ட கம்மியா இழுக்குற மோட்டார் வச்ச ஃபேன் 28 வாட்டுன்னு வருது, அதே ஓட்டத்துக்கு 34. மிச்சம் 56. "மூவாயிரம் ரூபா குடுத்து ஃபேன் வாங்கினா எத்தன வருஷத்துல காச எடுக்கலாம்"னு கேக்குறாங்க, இதுக்கும் அதே பதில்தான், நீங்க எங்க நிக்கிறீங்க? 200க்குள்ள நிக்கிற வீட்டுல 56 யூனிட்டோட விலை 132 ரூபா, போட்ட காச எடுக்க மூணே முக்கா வருஷம் ஆகும். 660ல நிக்கிற வீட்டுல 529. 540ல நிக்கிற ஒரு வீட்டுல பாருங்க, 56 கொறஞ்சா 484, அந்தப் பள்ளத்தத் தாண்டி இந்தப் பக்கம் வந்துடுறாங்க, 2376ல இருந்து 1704க்கு, ஒரே ஒரு ஃபேனுக்கு 672 ரூபா. இந்த மாதிரி அஞ்சு பில்லுகூட வேணாம், காசு கைக்கு வந்துடும். கடைக்காரர் எல்லாருக்கும் ஒரே வசனத்த சொல்லி விக்கிறாரு, வாங்குறவர் பில்ல பாத்துட்டுப் போகணும்.

டீச்சர் என்ன பண்ணாங்கன்னா, ஹால்லயும் பெட்ரூம்லயும் ஃபேன மாத்தினாங்க, ஏசிய 22ல இருந்து 25க்கு ஏத்திட்டு கூடவே ஃபேன ரெண்டுல வச்சாங்க, செட்டாப் பாக்ஸ சுவிட்ச்லயே ஆஃப் பண்ண ஆரம்பிச்சாங்க. காலண்டர் தாள் கணக்குப்படி 112, 50, 14, மொத்தம் 176 யூனிட்டு கொறையணும். 660 போய் 484. யூனிட்டு கால்வாசிக்குக் கொஞ்சம் மேல கொறையுது, பில்லு 3447ல இருந்து 1704, பாதிக்கு மேல கொறையுது. யூபிஎஸ்ஸ மாத்தச் சொன்னதுக்கு மட்டும் அவங்க வீட்டுக்காரர் ஒத்துக்கல, அது ஓடிட்டுத்தானே இருக்குன்னுட்டாரு.

கேஸா இண்டக்ஷனாங்கற சண்டைக்கும் இதுலதான் விடை இருக்கு. ஒரு சிலிண்டர் சமையல இண்டக்ஷன்ல செய்ய சுமாரா 120, 130 யூனிட்டு வேணும். 4.70ல நிக்கிற வீட்டுக்கு அது அறுநூறு ரூபா, 2025ல சிலிண்டர் எண்ணூத்தி சொச்சம், அந்தக் கணக்குக்கு இண்டக்ஷன் லாபம். 9.45ல நிக்கிற வீட்டுக்கு அதே சமையல் ஆயிரத்து இருநூறு. யூட்யூப்ல ரெண்டு பேரு அடிச்சுக்குறாங்க, ரெண்டு பேரும் அவங்கவங்க வீட்டுக்கு சரியாத்தான் சொல்றாங்க.

இன்னொன்னு இருக்கு, இது முழுக்க அதிர்ஷ்டம். உங்க வீட்டுக்கு ரீடிங் எந்த மாசம் எடுக்குறாங்க? மார்ச் 190, ஏப்ரல் 300, மே 300, ஜூன் 190, மத்த மாசமெல்லாமும் 190 ஓடுற வீடுன்னு வச்சுக்குவோம். மார்ச்சும் ஏப்ரலும் ஒரு பில்லு, மேயும் ஜூனும் ஒரு பில்லுன்னா ரெண்டும் 490, ரெண்டும் பள்ளத்துக்கு இந்தப் பக்கம், மொத்தம் 3484. பக்கத்துத் தெருவுல ஏப்ரலும் மேயும் ஒரே பில்லுல மாட்டிக்கும், அங்க 600, மார்ச்சும் ஜூனும் தனித்தனி 380 பில்லுல விழும், அதுல ஒண்ண சேத்தா அதே 980 யூனிட்டுக்கு 3961. கோடை ரெண்டா ஒடஞ்சு விழுற வீட்டுக்கு 477 ரூபா லாபம், அவங்க ஒண்ணும் செய்யல, தேதி செஞ்சது. வீடு வாடகைக்குப் பாக்கும்போது தண்ணி எப்படின்னு கேக்குற மாதிரி ரீடிங் மாசம் எதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க, கேட்டா ஓனர் ஒரு மாதிரி பாப்பாரு, ஆனா கேக்கலாம்.

மாசா மாசம் பில் வந்தா எல்லாருக்கும் கொறையும்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா இருக்கு, 2021 தேர்தல்ல வாக்குறுதியாவும் வந்துச்சு. ஸ்லாபயும், அதாவது 100, 200, 400, 500ங்கற அந்தப் படிகளையும், பாதியாக்கி 500க்கு பதிலா மாசத்துக்கு 250னு வச்சா என்ன ஆகும்னு போட்டுப் பாத்தேன். மேல சொன்ன வீட்டுக்கு மார்ச் 190க்கு 540, ஏப்ரல் 300க்கு 1440, சேத்து 1980. இப்ப ரெண்டு மாசத்துக்கு அவங்க கட்டுறது 1742. அதாவது ஏறும்! வெக்கையான ஒரு மாசத்த சாதா மாசம் ஒண்ணு தாங்கிப் புடிக்குது இல்லையா, அந்தத் தாங்கல் போயிடும். இதுவே ஒரு மாசம் 240, ஒரு மாசம் 280 ஓடுற வீடுன்னா இப்ப 520க்கு 2208, மாசக் கணக்குல 2111, கொறையும். அதனால எல்லாருக்கும் லாபம்னு மேடைல பேசுறது சும்மா. ஸ்லாப கொறைக்காம மாசத்துக்கே 500னு குடுத்தா கண்டிப்பா கொறையும், ஆனா அதுக்குப் பேரு விலைக் கொறைப்பு, மாசக் கணக்குங்கற பேர்ல அத வாங்க முடியுமாங்கறது வேற விஷயம்.

மாசக் கணக்கு வருதோ இல்லையோ, நாமளே நடுவுல பாத்துக்கலாம். ரீடிங் எடுத்த அன்னிக்கு மெசேஜ்ல வர்ற நம்பர குறிச்சு வச்சுக்குங்க, நடுவுல ஒரு நாள் மீட்டர்ல ஓடுற நம்பரப் பாத்து கழிச்சு, ஆன நாளால வகுத்து அறுபதால பெருக்குங்க. டிஸ்ப்ளே தானா மாறிட்டே இருக்கும், தேதி, நேரம், வோல்டேஜ் எல்லாம் வரும், கிலோவாட் ஹவர்னு வர்றப்போ மட்டும் புடிச்சுக்கணும். நாப்பதாவது நாள் 350ன்னா 525ல போய் முடியும், மிச்சம் இருபது நாள்ல தெனம் ஒண்ணே கால் யூனிட்டு கொறைச்சா 500க்குள்ள. அந்த 25 யூனிட்டுக்கு அப்ப 445 ரூபா மதிப்பு. 300ல போற வீடுன்னா இந்த அக்கப்போரே வேணாம், நிம்மதியா தூங்குங்க.

இதெல்லாம் சொந்த சர்வீஸ் இருக்குறவங்களுக்கு. சென்னைல மாடில வாடகைக்கு இருக்குற டீச்சரோட பொண்ணு போன வாரம் போன்ல கேட்டுச்சு. ஓனர் கீழ, இவங்க மேல, ஒரே சர்வீஸ், இவங்களுக்கு சப் மீட்டர், யூனிட்டுக்கு எட்டு ரூபா. ஊர்ல பாதி வீடு இப்படித்தான். கீழ 300, மேல 300னு வச்சா பில்லு 600க்கு 2880. பொண்ணுகிட்ட எட்டு ரூபா மேனிக்கு 2400 வாங்குறாரு, அவரு கையில இருந்து 480 போடுறாரு. சராசரியா பிரிச்சா ஆளுக்கு 1440 வரணும். ரெண்டு சர்வீஸா இருந்திருந்தா ஆளுக்கு 705, ரெண்டும் சேத்தே 1410தான். தனி சமையல், தனி வாசல்னு நெசமாவே தனிக் குடித்தனமா இருக்குற போர்ஷனுக்கு தனி சர்வீஸ் கேட்டு எழுதிப் போடலாம், ரெண்டு வீட்டையும் சேத்துப் பாத்தா அதுல லாபம்தான், ஆனா ஓனர் கையில இருந்து போடுறது மட்டும் 480ல இருந்து 705 ஆயிடும்.

டீச்சர் போன ஸ்பீக்கர்ல போட்டு வச்சிருந்தாங்க. "கேட்டியா, 705 ரூபாதான் வரணுமாம், ஓனர்கிட்ட சொல்லு"ன்னாங்க.

"அம்மா, போன மாசம்தான் வாடகை ஏத்தாதீங்க அங்கிள்னு கெஞ்சிட்டு வந்திருக்கேன். இப்ப இதையும் போய் சொன்னா, சரிம்மா கரண்ட் 705 குடுங்க, வாடகைல ரெண்டாயிரம் ஏத்திக்கிறேன்பாரு."

டீச்சர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அந்தக் காலண்டர் தாள இழுத்து, வருஷத்துக்கு ஆறு பில்லு, பன்னெண்டு மாச வாடகைன்னு ஓரத்துல புதுசா ஒரு கணக்கு ஆரம்பிச்சாங்க.